சிங்கப்பூர் நூலகத்தில் தமிழ்ப் புத்தகம்: தேடுவது, தேர்ந்தெடுப்பது, கூடிப் படிப்பது

என் மாமனார் தஞ்சாவூரிலிருந்து வந்து பத்து நாள் ஆகியிருந்தது. பெட்டியில் கொண்டுவந்த இரண்டு வார இதழ்களையும் விளம்பரம்கூட விடாமல் படித்து முடித்துவிட்டார். ஒரு மாலை, காபி டம்ளரைக் கீழே வைத்தபடி கேட்டார்: "ஏம்மா, இந்த ஊர்ல தமிழ்ப் புஸ்தகம் எங்கயாவது கிடைக்குமா?"

மறுநாளே உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்துக்கு அழைத்துப் போனேன். தமிழ் அலமாரியைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முதுகுச் சீட்டுகளை விரலால் தொட்டுக்கொண்டே நடந்தார். "இவ்வளவும் காசில்லாமலா?" என்றார். ஆமாம் மாமா என்றேன். அன்று மூடும்வரை அங்கேயே இருந்தோம்.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் பலர் என்னிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எந்த நூலகத்தில் தமிழ் நன்றாக இருக்கிறது, பிள்ளைக்கு எதை எடுப்பது, வாசகர் வட்டத்தில் எப்படிச் சேர்வது என்று. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதியதையெல்லாம் ஒரே இடத்தில் வைக்கிறேன்.

அட்டையும் செயலியும்

இது ஐந்து நிமிட வேலை. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அடிப்படை உறுப்பியம் இலவசம். அரசாங்கத்தின் மின்னடையாளக் கணக்கான சிங்பாஸ் இருந்தால் இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். வேலை அனுமதியில் இருப்பவர்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சேரலாம். ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா, அம்மா, மாமனார், மாமியாருக்குத் தனி உறுப்பியம் தேவையில்லை. நூலகத்துக்குள் உட்கார்ந்து படிக்க யாரும் அட்டை கேட்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதை உங்கள் கணக்கில் எடுத்துக்கொடுங்கள்.

அடுத்து, தேசிய நூலக வாரியத்தின் கைப்பேசிச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். புத்தகத்தின் பட்டைக்குறியீட்டைக் கைப்பேசியாலேயே வருடி இரவல் பெறலாம், இயந்திரத்தின் முன்னால் வரிசையில் நிற்க வேண்டாம். ஒரே நேரத்தில் 16 அச்சு நூல்கள், 21 நாள்கள் வைத்துக்கொள்ளலாம். வேறு யாரும் முன்பதிவு செய்யவில்லை என்றால் செயலியிலேயே தவணையை நீட்டிக்கலாம். எடுத்த நூலகத்திலேயே திருப்பித் தர வேண்டும் என்பதும் இல்லை. யீஷூனில் எடுத்ததை வேலைக்குப் போகும் வழியில் இருக்கும் நூலகத்தின் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம்.

பிள்ளைகளுக்குத் தனி உறுப்பியம் எடுங்கள். நால்வர் உள்ள குடும்பம் என்றால் 64 புத்தகம். அதைவிட முக்கியம், தன் பெயரில் எடுத்த புத்தகத்தைப் பிள்ளை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்.

எந்த நூலகத்துக்குப் போவது

எல்லாக் கிளைகளிலும் தமிழ்ப் பிரிவு ஒரே அளவில் இருக்காது. கடைத்தொகுதிகளுக்குள் இருக்கும் சிறிய நூலகங்களில் தமிழுக்கு ஓரிரு அடுக்குகள்தான். முதல் தடவை போகிறவர்கள் பெரிய வட்டார நூலகம் ஒன்றுக்குப் போங்கள். உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், ஜூரோங், 2023இல் திறந்த பொங்கோல், இவற்றில் எது உங்கள் எம்.ஆர்.டி. பாதையில் வருகிறதோ அது. ஆங் மோ கியோ நூலகத்துக்குத் தமிழ் வாசகர்களோடு நீண்ட காலப் பழக்கம் உண்டு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

விக்டோரியா ஸ்திரீட்டில், பூகிஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தேசிய நூலகக் கட்டடம் வேறு கதை. அங்கே அடித்தளத்தில் இருப்பது இரவல் தரும் நூலகம். மேல்மாடிகளில் இருப்பது லீ கொங் சியான் ஆய்வு நூலகம். அங்கே தமிழ் நூல்கள் நிறைய உண்டு, ஆனால் அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். கடையில் கிடைக்காத பழைய சிங்கப்பூர், மலேசியத் தமிழ் நூல் எதையாவது தேடுகிறீர்கள் என்றால் நேராக அங்கே போங்கள்.

அந்தப் பெயருக்குரியவரைப் பற்றி மாமாவிடம் சொன்னபோது அவர் படியிலேயே நின்றுவிட்டார். தேசிய நூலகத்துக்கு முன் இங்கிருந்த ராஃபிள்ஸ் நூலகத்தில் சந்தா கட்டியவர்கள்தான் புத்தகம் எடுக்க முடியும், இருந்ததும் பெரும்பாலும் ஆங்கில நூல்கள். 1953இல் வணிகர் லீ கொங் சியான், புதிய நூலகம் கட்ட 375,000 வெள்ளி தருவதாகச் சொன்னார். அதற்கு அவர் வைத்த நிபந்தனை, அது கட்டணமில்லாத பொது நூலகமாக இருக்க வேண்டும், உள்ளூர் ஆசிய மொழி நூல்களுக்கும் அங்கே இடம் வேண்டும் என்பது. ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் அந்தச் செங்கல் கட்டடம் 1960இல் திறந்தது, 2004இல் சுரங்கச் சாலைக்காக இடிக்கப்பட்டது. விக்டோரியா ஸ்திரீட் கட்டடம் 2005இல் வந்தது. கட்டடம் மாறினாலும் அந்த நிபந்தனை இன்றும் நிற்கிறது. நாம் காசு கொடுக்காமல் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருவது அதனால்தான்.

பெரும்பாலான நூலகங்கள் காலை 10 மணி முதல் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். பொது விடுமுறை நாள்களில் மூடியிருக்கும். தீபாவளி லீவில் நிறையப் படிக்கலாம் என்று நினைப்பவர்கள் முந்தைய வாரமே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் தேடுவது எப்படி

பலரும் கைவிடுவது இங்கேதான். "தேடினேன், இல்லை" என்பார்கள். புத்தகம் இருக்கும். தேடிய விதம்தான் பொருந்தியிருக்காது.

முதலில் தமிழ் எழுத்திலேயே தேடுங்கள். முழுத் தலைப்பையும் போடாதீர்கள், ஒற்று மிகும் இடத்தில் ஒரு 'த்' இருக்கிறதா இல்லையா என்பதிலேயே தேடல் தவறிப்போகும். தலைப்பில் உள்ள அழுத்தமான ஒரு சொல்லும் எழுத்தாளர் பெயரும் போதும். பெயரிலும் கவனம் வேண்டும். 'ராம' என்று தேடிக் கிடைக்காவிட்டால் 'இராம' என்று தேடுங்கள். முன்னெழுத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் போட்டும் பாருங்கள்.

தமிழில் கிடைக்காவிட்டால் ஆங்கில எழுத்தில் தேடுவோம். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. நூலகப் பட்டியலில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு ஒரு கட்டுப்பாடான முறை இருக்கிறது, நாம் வாட்ஸ்அப்பில் எழுதுவது போல அது இருக்காது. ஒவ்வொரு தமிழ் மெய்யெழுத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து, உச்சரிப்பு எப்படி இருந்தாலும் சரி. 'ச' எப்போதும் 'சீ' என்ற எழுத்து. அதனால் சிங்கப்பூர் என்ற சொல் 'எஸ்'ஸில் தொடங்காது, 'சீ'யில் தொடங்கும். நடுவில் நாம் 'ஜீ' போடும் இடத்தில் 'கே' இருக்கும். 'ழ'வுக்கு நாம் 'இஸட், ஹெச்' போடுவோம், பட்டியலில் அது அடிக்கோடிட்ட 'எல்'. தேடும்போது வெறும் 'எல்' போட்டால் போதும். 'த'வுக்கு 'டி' மட்டும்தான், கூட 'ஹெச்' வராது. குழந்தை என்று தேட வேண்டுமானால் கே, யு, எல், ஏ, என், டி, ஏ, ஐ என்று தட்டுங்கள். முதலில் விசித்திரமாக இருக்கும். இரண்டு மூன்று முறை தேடினால் கை பழகிவிடும். நான் இதைத் தெரிந்துகொண்ட வாரத்தில், வருஷக்கணக்காக 'இல்லை' என்று நினைத்திருந்த புத்தகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன.

புத்தகம் வேறு கிளையில் இருந்தால் முன்பதிவு செய்து பக்கத்து நூலகத்துக்கு வரவழைக்கலாம். அவசரம் இல்லாதவர்களுக்கு இது பெரிய வசதி.

கடைசியாகச் சில எண்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க நூலகங்கள் பின்பற்றும் டூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. சமையல் 641.5. சிங்கப்பூர் வரலாறு 959.57. கதை தவிர மற்றவற்றைத் தேடும்போது இந்த எண்கள் நேராக இடத்துக்குக் கொண்டுபோய் விடும்.

அலமாரி முன் நின்று

பட்டியலில் தேடுவது, என்ன வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு. என்ன வேண்டும் என்றே தெரியாதவர்கள் நேரே அலமாரிக்குப் போங்கள்.

என் வழக்கம் இது. ஒவ்வொரு தடவையும் நான்கு புத்தகம். ஒன்று, ஏற்கெனவே பிடித்த எழுத்தாளருடையது. ஒன்று, பெயரே கேள்விப்படாதவருடையது. ஒன்று, கதையல்லாதது: பயணம், வாழ்க்கை வரலாறு, தோட்டம், எதுவானாலும் சரி. நான்காவது கட்டாயம் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ எழுதப்பட்டது. அட்டையையும் பின்னட்டையில் இருக்கும் பாராட்டையும் நம்பாதீர்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு பத்தி படியுங்கள். இரண்டாவது பத்திக்குக் கண் தானாகப் போனால் எடுங்கள்.

நூலகப் பணியாளர்கள் முன்னட்டை தெரியும்படி நிறுத்தி வைத்திருக்கும் நூல்களையும் பாருங்கள். அவற்றை ஒருவர் யோசித்து எடுத்து வைத்திருக்கிறார். அதேபோல, யாரோ படித்துவிட்டு இப்போதுதான் திருப்பித் தந்த நூல்கள் அடுக்கியிருக்கும் தள்ளுவண்டியும் ஒரு பரிந்துரைதான். உங்கள் வட்டாரத்தில் இன்னொரு தமிழர் இந்த வாரம் என்ன படித்தார் என்று அதில் தெரியும்.

பெரியவர்களுக்கு எடுக்கும்போது எழுத்தின் அளவைப் பாருங்கள். மாமாவுக்குப் பொடி எழுத்தில் அச்சிட்ட ஒரு நாவலை எடுத்துவந்துவிட்டேன், மூன்று நாள் தலைவலி அவருக்கு. இப்போதெல்லாம் கைநீட்டும் தூரத்தில் பிடித்து ஒரு வரி படித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

பிள்ளைகளுக்கு

தொடக்கநிலை 4இல் படிக்கும் பிள்ளைக்குத் தொடக்கநிலை 4 நூல் என்று தேடாதீர்கள். ஆங்கிலத்தில் அவர்கள் தடித்த நாவல் படிப்பார்கள், தமிழில் படக்கதைதான் சரியாக வரும். அதில் குறை ஒன்றும் இல்லை. வீட்டிலும் பள்ளியிலும் நாள் முழுக்க ஆங்கிலம் கேட்கிற பிள்ளைக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும்.

ஒரு சோதனை சொல்கிறேன். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடியும்போது ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது இப்போதைக்கு நீங்கள் படித்துக்காட்ட வேண்டிய புத்தகம். இரண்டு மூன்று விரல் என்றால் தானாகப் படிக்கலாம். ஒரு விரலும் மடங்கவில்லையா, அதையும் எடுங்கள். தடங்கலில்லாமல் ஒரு தமிழ்ப் புத்தகத்தை முடிக்கும் சந்தோஷம் பிள்ளைக்குத் தேவை.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. பிள்ளை பேசுவது "வந்துக்கிட்டு இருந்தான்". புத்தகத்தில் இருப்பது "வந்துகொண்டிருந்தான்". இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லிக்கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு அது வேற்றுமொழியாகத் தெரியும். அதனால் ஒரு பக்கம் உரக்கப் படியுங்கள், பிறகு "இப்ப நீ உன் வார்த்தையில சொல்லு" என்று கேளுங்கள். பேச்சுத் தமிழிலேயே சொல்லட்டும், திருத்தாதீர்கள். இரண்டு மாதம் இப்படிச் செய்தால் பெரிய மாற்றம் தெரியும், எங்கள் வீட்டில் தெரிந்தது.

இருமொழிப் படநூல்களும் உண்டு. சென்னையின் தூலிகா போன்ற பதிப்பகங்கள் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும்படி வெளியிடுகின்றன. வீட்டில் ஒருவருக்குத் தமிழ் படிக்க வராது என்றால் அவரும் சேர்ந்துகொள்ள இவை உதவும்.

ஒரு நாள் என் மகள் தாத்தாவோடு உட்கார்ந்து ஒரு கதை படித்துக்கொண்டிருந்தாள். 'திண்ணை' என்ற சொல்லில் நின்றுவிட்டாள். "தாத்தா, திண்ணைன்னா என்ன?" வாசலுக்கு வெளியே மேடை மாதிரி இருக்கும், மழைக்கு ஒதுங்கலாம், வழிப்போக்கர் படுக்கலாம், சாயங்காலம் அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து பேசுவார்கள் என்று அவர் கையை விரித்து விரித்துச் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ நம்ம புளோக் கீழ இருக்கிற வாய்ட் டெக் மாதிரி!" என்றாள். அடுக்குமாடிக்கு அடியில் திறந்த வெளியாக விட்டிருக்கும் கீழ்த்தளம்தான் வாய்ட் டெக், தாத்தாவுக்கு அது தெரியாது. அவள் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போய்க் காட்டினாள். அந்தக் கதையை அவர்கள் முடிக்க ஒரு வாரம் ஆனது. ஆகட்டும்.

சிங்கப்பூர் எழுத்துக்கு எங்கிருந்து தொடங்கலாம்

தமிழ்நாட்டு எழுத்தாளர்களை யாரும் சொல்லாமலே தேடி எடுத்துவிடுவோம். நம் புளோக்கும் ஈரச்சந்தையும் வரும் கதைகளைத்தான் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு, அதனால்தான் நான்கில் ஒன்று என்று விதி வைத்திருக்கிறேன்.

சிரித்துக்கொண்டே தொடங்க வேண்டுமானால் பி. கிருஷ்ணனின் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி'. வானொலி நாடகமாக வந்து புத்தகமானது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு மக்கள் குடிபெயர்ந்த காலத்துத் தமிழ்க் குடும்பத்தை அதில் பார்க்கலாம். 2008இல் அவருக்கு, கலைத்துறையினருக்கு இங்கே தரப்படும் உயரிய விருதான கலாசாரப் பதக்கம் கிடைத்தது. சிறுகதையும் நாவலும் வேண்டுவோர் மா. இளங்கண்ணனிடம் போங்கள், 2005இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். சின்னப் பிள்ளைகளுக்கு 2014இல் அதே பதக்கம் பெற்ற க.து.மு. இக்பாலின் பாடல்கள். வானொலிக்காக எழுதியவை என்பதால் வாய்விட்டுப் படிக்க நன்றாக வரும்.

இன்றைய எழுத்துக்கு எளிய வழி, சிங்கப்பூர் இலக்கியப் பரிசின் தமிழ்ப் பிரிவு. பரிசு பெற்றதை மட்டும் பார்க்காமல் இறுதிச் சுற்றுக்கு வந்த நூல்களின் பட்டியலையும் பாருங்கள். கதை, கவிதை, கட்டுரை என்று ஒரு வருஷத்துக்கான வாசிப்பு அதிலேயே கிடைக்கும்.

வீட்டிலிருந்தபடியே

மின்னூல்களுக்கு லிப்பி செயலி. நூலகக் கணக்கால் உள்ளே போய் மொழி வடிகட்டியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால் பெரியவர்களுக்கு இது அச்சு நூலைவிட வசதி. தவணை முடிந்ததும் நூல் தானாகத் திரும்பிவிடும்.

தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தைப் பற்றி இன்னும் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015இல், சுதந்திரத்துக்குப் பிந்தைய 50 ஆண்டுகளில் இங்கே வெளிவந்த சுமார் 350 தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவத்தில் கொண்டுவந்தார்கள். தொண்டூழியர்கள் சேர்ந்து உழைத்த வேலை அது. பின்னர் நாடகம், இசை, நடனம் பற்றிய தொகுப்புகளும் வந்தன. அச்சில் எங்குமே கிடைக்காத கவிதைத் தொகுப்பு ஒன்றை நடுராத்திரியில் சோபாவில் படுத்துக்கொண்டு படித்தேன். அப்படி ஒரு வசதியைச் செய்து கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

அப்புறம் பழைய நாளிதழ்கள். வாரியத்தின் செய்தித்தாள் தளத்தில் 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் இருக்கின்றன. 1887இல் மகுதூம் சாயபு நடத்திய சிங்கை நேசனும் உண்டு. சில காலத்து இதழ்களை நூலகக் கணினியில் மட்டுமே பார்க்க முடியும். சொல்லை வைத்துத் தேடுவதைவிடத் தேதியை வைத்துத் தேடுவது எளிது. வீட்டில் பெரியவர்கள் யாராவது இங்கேயே பிறந்தவர்கள் என்றால், அவர்கள் பிறந்த வாரத்து முரசைத் திறந்து காட்டுங்கள். சினிமா விளம்பரத்தையும் கப்பல் புறப்படும் தேதியையும் பார்த்ததும் அவர்களுக்குப் பேச்சு வந்துவிடும்.

நிகழ்ச்சிகளும் வாசகர் வட்டமும்

நூலக நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இலவசம், ஆனால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வாரியத்தின் நிகழ்ச்சிப் பக்கத்தில் மொழியைத் தமிழ் என்று வைத்துப் பாருங்கள். கதை சொல்லும் நேரம், எழுத்தாளர் சந்திப்பு, பயிலரங்கு எல்லாம் வரும். மாதத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுவது நல்லது, பிள்ளைகளுக்கான கதை நேரத்தில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஏப்ரல் மாதம் வளர்தமிழ் இயக்கத்தின் தமிழ்மொழி விழா, 2007 முதல் நடக்கிறது, அப்போது நூலகங்களிலும் தமிழ் நிகழ்ச்சிகள் கூடுதலாக இருக்கும்.

வாசகர் வட்டம் என்றால் இங்கே முதலில் நினைவுக்கு வருவது ஆங் மோ கியோ நூலகத்தில் கூடிவந்த வட்டம்தான். பல்லாண்டுகளாக எழுதுபவர்களும் படிப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசிய இடம். இப்போது வேறு வட்டங்களும் இருக்கின்றன. முதல் தடவை போகத் தயங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, புத்தகத்தை முடிக்காவிட்டாலும் போங்கள், படித்த வரைக்கும் ஒரு பத்தியைக் குறித்துக்கொண்டு போனால் போதும். இன்னொன்று, "நன்றாக இருந்தது" என்று சொல்லாமல் "இந்த இடத்தில் எனக்கு இப்படித் தோன்றியது" என்று பக்கத்தைக் காட்டிப் பேசுங்கள். எல்லோரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள். பேச்சு தானாக நடக்கும்.

நான் முதல்முறை போனபோது நாற்பது நிமிடம் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "நீங்க எந்தப் பக்கத்துல அடையாளம் வச்சிருக்கீங்க?" என்று என் புத்தகத்தில் நீட்டிக்கொண்டிருந்த பேருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்டார். அந்தப் பக்கத்தைப் படித்தேன். அவ்வளவுதான், கூட்டம் முடிந்து கீழே காப்பிக்கடையிலும் பேசிக்கொண்டிருந்தோம்.

கிடைக்காத புத்தகத்துக்கு

தேடியும் கிடைக்கவில்லை என்றால் கேளுங்கள். தமிழ் தெரிந்த நூலகர் இருந்தால் அவரிடம் நேரில், இல்லாவிட்டால் வாரியத்தின் இணையத்தளம் வழியாக. தலைப்பு, எழுத்தாளர், பதிப்பகம், பதிப்பாண்டு, முடிந்தால் நூலுக்கு உரிய தனி எண்ணான ஐஎஸ்பிஎன், இவ்வளவும் தெளிவாக இருக்கட்டும். ஏன் வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். எல்லாம் வாங்கப்படும் என்று சொல்லவில்லை, கேட்காவிட்டால் இப்படி ஒரு தேவை இருப்பதே யாருக்கும் தெரியாது. கேட்டு வந்த புத்தகத்தைக் கட்டாயம் இரவல் எடுங்கள். எந்த நூலகத்திலும் கைபடாத புத்தகம் காலப்போக்கில் அலமாரியிலிருந்து விலக்கப்படும்.

மாமா ஊருக்குத் திரும்பும் அன்று, விமான நிலையத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். அந்த அலமாரியில் தேடிக் கிடைக்காத ஏழு நூல்களின் பெயர், தன் கையெழுத்தில், பதிப்பகத்தோடு. "நான் திரும்பி வர்றதுக்குள்ள வாங்கச் சொல்லும்மா" என்றார். மேலே சொன்ன முறையில் தேடியதில் மூன்று நூல்கள் ஏற்கெனவே வேறு கிளைகளில் இருந்தன. மற்ற நான்கையும் போன வாரம் எழுதி அனுப்பிவிட்டேன்.